ஜோவிதாவின் ட்ரம் அடுப்பு

பெங்களூர் மர்பி டவுனில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஆறு வீடுகள். மாடியில் இருக்கும் ஒற்றை அறை என்னுடையது. கீழே தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வீடு ஜோவிதாவுடையது. அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேலை கிடைத்து, குடியாத்தத்திலிருந்து நான் இங்கே வந்து சேர்ந்த முதல் வாரமே அவளோடு சண்டை. தினமும் காலை ஐந்தரை மணிக்கு மோட்டாரைப் போட்டு என் தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்று கேட்கப் போனேன்.

"ஆறு வீட்டுக்கும் தண்ணி ஏத்தறது நான்தான் டீச்சர். நாளையிலேருந்து நீங்க எழுந்து போடுங்க, நான் தூங்கறேன்" என்றாள்.

அதற்கப்புறம் நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம்.

ஜோவிதா பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மர்பி டவுன்தான். அப்பா பெயிண்டர். பி.யூ.சி. முதல் வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கப் போனாள். இருபது வயதில் ஆம்ப்ரோஸோடு கல்யாணம். அவர் பிரேசர் டவுனில் ஒரு கேரேஜில் வெல்டர். ஒரே பையன் நீல், இப்போது மைசூரில் வேலை பார்க்கிறான். முப்பத்துமூன்று வயதில் தையலை விட்டுவிட்டு இந்திராநகரில் ஒரு பீட்சா ஓட்டலில் மாவு பிசையச் சேர்ந்தாள். அங்கே பதினோரு வருடம்.

அந்த ஓட்டலின் சமையலறை இரண்டாகப் பிரிந்திருக்கும் என்று அவள் சொல்வாள். பின்பக்கம் ஜன்னலில்லாத ஒரு அறை. மாவு, மிஷின், குளிர்பெட்டி எல்லாம் அங்கே. முன்பக்கம் சாப்பிட வருபவர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி பெரிய விறகு அடுப்பு. பின்னறையில் ஜோவிதாவும் இன்னும் இரண்டு பெண்களும். அடுப்பருகே ஆண்கள் மட்டும். ஜோவிதா உருட்டி வைக்கும் மாவு உருண்டைகள் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும். அவள் போகக் கூடாது.

நான்கு தடவை அவள் கேட்டிருக்கிறாள். சமையலறைக்குத் தலைவர் செஃப் ரகுராம். சென்னையில் ஓட்டல் படிப்பு படித்தவர், ஜோவிதாவைவிட நாலைந்து வயது சிறியவர். கத்தமாட்டார், அவமரியாதையாக ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "பாக்கலாம் ஜோவிதா. கொஞ்ச நாள் போகட்டும்." அந்தக் கொஞ்ச நாளுக்குள் உமேஷ் வந்தான். ராம்நகரப் பக்கத்துப் பையன், பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தவன். மாவை எப்படித் தொடவேண்டும் என்று அவனுக்குக் காட்டியது ஜோவிதா. ஒரு வருடத்தில் அவன் அடுப்பின் முன்னால் நின்றான். அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. "அக்கா, நீங்க நிக்க வேண்டிய இடம் இது" என்று அவனே சொல்வானாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். மேஜைகள் நிரம்பியிருந்தன. டோம்லூர் மேம்பாலத்துக்குக் கீழே உமேஷின் ஸ்கூட்டர் சறுக்கி அவன் கை பிசகிவிட்டது. அடுப்பு வேலை தெரிந்த இன்னொருவன் ஊருக்குப் போயிருந்தான். ரகுராம் ஒயிட்ஃபீல்டு கிளையிலிருந்து கிளம்பி, டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, "வந்துட்டிருக்கேன், வந்துட்டிருக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்டர் சீட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்முன் யாருமில்லை.

ஜோவிதா கையைத் துடைத்துக்கொண்டு போய், நீளக் கைப்பிடி போட்ட பலகையை எடுத்தாள்.

முதல் பீட்சாவின் ஓரம் கருகிவிட்டது. அதை ஒதுக்கி வைத்தாள். இரண்டாவதிலிருந்து சரியாக வந்தது. அடுப்புக்குள் எந்த மூலையில் சூடு அதிகம், எப்போது திருப்பவேண்டும் என்பதெல்லாம் பதினோரு வருடமாகக் கதவிடுக்கு வழியாகப் பார்த்து வைத்திருந்தவள். ரகுராம் வந்து சேர்வதற்குள் முப்பத்துநான்கு பீட்சா போயிருந்தது. ஒரு தட்டுகூடத் திரும்பி வரவில்லை. அவர் அவள் கையிலிருந்து பலகையை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எல்லோரையும் நிற்க வைத்து அவர் பேசியதை, அன்று கைக்கட்டோடு வந்திருந்த உமேஷும் பிறகு எனக்குச் சொன்னான். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

"யாரைக் கேட்டு அடுப்புகிட்ட போனீங்க?"

"கேக்கறதுக்கு யாரும் இல்ல செஃப். வெளியில நாப்பது பேரு பசியோட உக்காந்திருந்தாங்க."

"அந்த அடுப்பு நானூறு டிகிரி. சேஃப்டின்னு ஒண்ணு இருக்கு. ஒரு லேடிக்கு ஏதாவது ஆச்சுன்னா மேனேஜ்மென்ட்டுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

ஜோவிதா இடது கையைத் தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரலில் மேல்கணு இல்லை. அங்கே சேர்ந்த நான்காம் வருடம் மாவு உருட்டும் மிஷினில் போனது. இரண்டே வாரத்தில் கட்டோடு வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"இது உங்க மிஷின்ல போச்சு. அப்போ நான் லேடி இல்லியா? அன்னிக்கு உங்க சேஃப்டி எங்க போயிருந்தது?"

"அது வேற, இது வேற."

"இன்னா வேற? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

ரகுராம் ஒரு தாளை நீட்டினார். அனுமதியில்லாமல் அடுப்பைத் தொட்டது தவறு, இனி தொடமாட்டேன் என்று அதில் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றார். ஜோவிதா முழுவதும் படித்தாள். நான்காக மடித்து மாவு மேஜையின்மேல் வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி அதன்மேல் போட்டாள்.

"இனிமே உங்க மாவை நீங்களே பிசைஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆம்ப்ரோஸ் சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டார். அதிகம் பேசாத மனிதர். "விட்டுட்டியா? சரி விடு. கார்மென்ட்ஸ்ல மறுபடி ஆள் எடுக்கறாங்களாம்" என்றார்.

"கார்மென்ட்ஸுக்குப் போகல. எனக்கு அடுப்பு வேலை தெரியும். அடுப்பு வேலைதான் பாப்பேன்."

"வீட்ல அடுப்பு எங்க இருக்கு?"

"பின்னாடி இருக்கே, உங்க ட்ரம்மு."

அந்த ட்ரம்மைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்ணெய் பீப்பாய் ஒன்றை நீளவாக்கில் பாதியாக அறுத்து, நான்கு கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டு ஆம்ப்ரோஸ் எப்போதோ செய்தது. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் வெளியே வரும். பெண்கள் கோழிக்கு மசாலா தடவிக் கொடுப்பார்கள். ஆண்கள் கையில் பீரோடு அதைச் சுற்றி நின்று சுடுவார்கள். மற்ற நாளெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும்.

"அது கோழி சுடறதுக்கு" என்றார் ஆம்ப்ரோஸ்.

"கோழி வேகற நெருப்புல மாவு வேகாதா?"

மறுநாளே அதைத் தேய்த்துக் கழுவினாள். பகலில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சப்பாத்தி போடும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ட்ரம்மின் முன்னால் நின்றாள்.

முதல் ஞாயிறு நடந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். மாவைத் தட்டி, தக்காளியும் சீஸும் வைத்து, அப்படியே கம்பிமேல் போட்டாள். மாவு கம்பி இடுக்கு வழியாகத் தொங்கி, அறுந்து, கரிக்குள் விழுந்தது. சீஸ் பற்றி எரிந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் புடவைகளெல்லாம் புகை நாற்றம். கீழே இறங்கிப்போய்க் கேட்டேன்.

"கொடியை அந்தப் பக்கம் மாத்திக் கட்டுங்க டீச்சர். இது இன்னும் பல வாரம் நடக்கும்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அடுத்த ஞாயிறு கம்பிக்கு மேலே ஒரு கடப்பாக் கல்லை வைத்தாள். யார் வீட்டிலோ சமையல் மேடைக்குப் போட்டதுபோக மிச்சமான துண்டு. கல் சூடாகிக்கொண்டே வந்து, 'டப்' என்று வெடித்து, ஒரு சில்லு பறந்து தொட்டிச் சுவரில் பட்டது. நல்லவேளையாகப் பக்கத்தில் யாருமில்லை. மூன்றாம் வாரம் கம்பியின்மேல் தகரத்தட்டு. அடி தீய்ந்து கரியானது. மேலே சீஸ் உருகவேயில்லை. அந்தத் தட்டை வெறுங்கையால் இழுக்கப் போய், முன்கையில் நீளமாக ஒரு சூடு.

எதிர்வீட்டில் இருப்பது ஆம்ப்ரோஸின் அக்கா பியாட்ரிஸ். மாதா கோயிலில் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அவர் வாயைத் திறந்தால் காம்பவுண்டே கேட்கும். அன்று வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"நான்தான் சொன்னேனே! பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை? பீட்சான்னா கடையில வாங்கித் திங்கறது. வீட்ல ஏதாவது பண்ணணும்னா கேக்கு பண்ணு, ரோஸ் குக்கீஸ் பண்ணு. கையைப் பாரு, சுட்டுக்கிட்டு நிக்கறா!"

ஜோவிதா குழாயில் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். வலியில் கண்ணில் நீர் முட்டியிருந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"ஆமா அண்ணி, சுட்டுச்சு. அடுத்த வாரமும் சுடுவேன்."

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் சந்தானம். கரிப்பெட்டியால்தான் இன்னும் தேய்க்கிறார். ஜோவிதா கரி வாங்குவது அவர் வாங்கும் கடையில். அந்த வாரம் கரி மூட்டையோடு வரும்போது அவர் அவளை நிறுத்தினார். கையிலிருந்த கட்டுத்துணியைப் பார்த்துவிட்டு, "கரி சிவந்து எரியறப்பவே மேல வெக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. அப்பத்தானே சூடு?"

"அது கோவக்கார சூடு ஜோவிதாம்மா. அந்த நேரத்துல பெட்டியை வெச்சா சட்டை போச்சு. எரிஞ்சு அடங்கி மேல வெள்ளையா சாம்பல் பூக்கட்டும். அப்புறம் ஒரு மணி நேரம் ஒரே சீரா நிக்கும்."

அவள் வீட்டுக்கு வந்து நெடுநேரம் ட்ரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் நாள் முழுக்கச் சப்பாத்தி போடுகிறவள். சப்பாத்தியை ஒரு பக்கம் போட்டு, திருப்பி, அப்புறம்தானே நெருப்பில் காட்டுகிறோம். பீட்சாவை மட்டும் ஏன் எல்லாவற்றையும் தலையில் ஏற்றி ஒரே தடவையில் வேகவைக்கப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவள் சொன்னபோது எனக்கு இவ்வளவு சுலபமா என்றிருந்தது.

நான்காம் ஞாயிறு. கரியெல்லாம் ட்ரம்மின் ஒரு பாதியில் குவிந்திருந்தது. மறுபாதி காலி. கரியின்மேல் வெள்ளை பூத்த பிறகு, கையால் இழுத்து நீட்டிய வெறும் மாவில் எண்ணெய் தடவிக் கம்பிமேல் போட்டாள். மாவு தொங்கவில்லை, ஒரு நொடியில் இறுகி, குமிழ் குமிழாகப் பொங்கியது. ஒரு நிமிடத்தில் திருப்பினாள். அடிப்பக்கம் கம்பிக் கோடுகளோடு பழுப்பாக வந்திருந்தது. அந்த வெந்த பக்கத்தின்மேல் கெட்டியான தக்காளிச் சாறு, சீஸ், வதக்கிய குடைமிளகாய். பிறகு கரியில்லாத பாதிக்கு நகர்த்தி, கல்யாண வீட்டுப் பெரிய அலுமினிய அண்டா ஒன்றைக் கவிழ்த்து மூடினாள். நான்கு நிமிடம். திறந்தபோது சீஸ் ஓரம்வரை உருகிக் கொதித்துக்கொண்டிருந்தது.

முதல் துண்டு எனக்குத்தான் வந்தது. ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் மிருது, எல்லாவற்றிலும் மெலிதாகக் கரியின் மணம். நான் ஏதோ பாராட்டிச் சொல்ல வாயெடுத்தேன்.

"நல்லாயிருக்குன்னு தெரியும் டீச்சர். குறை இன்னான்னு சொல்லுங்க."

"உப்பு கொஞ்சம் கம்மி."

"அதான் எனக்கும் தோணிச்சு" என்று அடுத்த உருண்டையை எடுத்தாள். ஆம்ப்ரோஸ் மூன்று துண்டு சாப்பிட்டார். மறுவாரமே கேரேஜிலிருந்து ட்ரம்மின் மறுபாதியைத் தேடியெடுத்துக் கொண்டுவந்து, கீல் வைத்து, கைப்பிடி போட்டு, புகை போக ஒரு துளையும் வைத்து மூடி செய்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கோழி சுடவும் உதவும் என்று சாக்குச் சொன்னார்.

அதன் பிறகு ஞாயிறு தவறியதில்லை. டிசம்பர் வந்து அவரைக்காய் சீசன் ஆரம்பித்ததும் பிதுக்கிய அவரைப் பருப்பை வேகவைத்து, பச்சைமிளகாய், கொத்தமல்லியோடு பீட்சாமேல் தூவினாள். அவரை பிதுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அன்றுதான் உமேஷ் வந்திருந்தான். கை எப்போதோ சரியாகி மறுபடி அடுப்பில் நிற்கிறவன். ஒரு வாய் கடித்துவிட்டு, "அக்கா, சக்கத்தாகிதெ!" என்று கன்னடத்தில் கத்தினான். பிரமாதமாம். அப்புறம் தணிந்த குரலில், ஓட்டலில் மாவு சரியாக வருவதேயில்லை, ஒருநாள் ரப்பர் மாதிரி இருக்கிறது, ஒருநாள் புளித்துப்போகிறது, ஆட்கள் தட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றான். போகும்போது இரண்டு துண்டு பொட்டலம் கட்டி எடுத்துப் போனான். யாருக்கு என்று ஜோவிதா கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ரகுராமின் போன் வர ஆரம்பித்தது. ஜோவிதா எடுக்கவில்லை. "பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட எனக்குப் போன் பண்ணாதவரு. இப்போ மட்டும் நான் எடுக்கணுமா?"

ஜனவரியில் ஆம்ப்ரோஸுக்கும் ஜோவிதாவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். காலையில் பூசை, மதியம் வீட்டில் சாப்பாடு என்று முடிவானது. பியாட்ரிஸ் பிரியாணிக்கு ஆள் சொல்லக் கிளம்பினார்.

"வேணாம் அண்ணி. பீட்சா போடறேன்."

"விளையாடறியா? நாலு பேருக்குச் சுடறது வேற. அன்னிக்கு நாப்பது பேரு வருவாங்க. பிரியாணி இல்லாத விசேஷம் இந்தக் குடும்பத்துல நடந்ததே இல்ல."

"இப்போ நடக்கட்டும்."

"கல்யாணப் பொண்ணு கரிப்புகையில நிப்பியா? எல்லாரும் சிரிப்பாங்க."

"இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி புதுப்பொண்ணா உக்காந்திருந்தேன். யாரு வந்தாங்க, யாரு சாப்பிட்டாங்க ஒண்ணும் தெரியாது. இந்தத் தடவை என் கையால போட்டுக் குடுப்பேன். சிரிக்கறவங்க சிரிச்சுட்டுச் சாப்பிடட்டும்."

பியாட்ரிஸ் தம்பியைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் ட்ரம்மின் கால் ஒன்று ஆடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜோவிதா பட்டுப்புடவையை மாற்றி, பழைய காட்டன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ட்ரம்மிடம் போனாள். முந்தின நாளே பிசைந்த மாவு மூன்று வீட்டு ஃபிரிட்ஜில் உருண்டை உருண்டையாக இருந்தது. என் வேலை தக்காளிச் சாறு தடவுவது. மைசூரிலிருந்து வந்திருந்த நீல் சீஸ் துருவினான். சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, இது என்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பதினைந்து பீட்சா தடங்கலின்றிப் போயிற்று. அப்புறம் சூடு இறங்கியது. மாவு பொங்க மறுத்தது. புதுக் கரியைக் கொட்டினால் எரிந்து அடங்கி வெள்ளை பூக்க அரைமணி ஆகும். கூட்டத்தில் பாதிப்பேருக்கு இன்னும் ஒரு துண்டுகூடப் போகவில்லை. அந்த நேரம் பார்த்துக் காம்பவுண்டு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அதிலிருந்து பெரிய பிரியாணி தேக்சா ஒன்று இறங்கியது. பியாட்ரிஸ் ரகசியமாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

"கோச்சுக்காதே ஜோவிதா. இப்படித்தான் ஆகும்னு தெரியும். அதான்..."

ஜோவிதாவின் முகம் கன்றியது. அண்ணியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், சந்தானம் அண்ணன் வண்டியில இன்னிக்குத் தணல் இருக்கா பாருங்க" என்றாள்.

ஓடினேன். சந்தானம் ஞாயிற்றுக்கிழமையும் மதியம்வரை தேய்ப்பவர். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியிலிருந்த தணலையும், பக்கத்துச் சட்டியில் தயாராக வைத்திருந்த தணலையும் ஒரு இரும்பு வாளியில் கொட்டினார். "சட்டைங்க சாயங்காலம் தேச்சுக்கலாம்" என்று அவரே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் வெள்ளை பூத்த தணல். ட்ரம்மில் கொட்டியதும் ஜோவிதா புதுக் கரியைத் தணலுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தாள், அது எரிந்து வரட்டும் என்று. பத்தே நிமிடத்தில் மாவு மறுபடி பொங்கியது.

அன்று பிரியாணியும் தீர்ந்தது, பீட்சாவும் தீர்ந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டுமே. ஆனால் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்தவர்களும் ட்ரம் முன்னால் வந்து வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையின் கடைசியில்தான் ரகுராமைப் பார்த்தேன். கையில் ஒரு பூங்கொத்து. உமேஷ்தான் இடத்தைச் சொல்லியிருக்கிறான். ஆம்ப்ரோஸ் போய்க் கைகுலுக்கி, "வாங்க சார். வரிசையில நில்லுங்க, குடுப்பாங்க" என்றார். அவர் நின்றார். இருபது நிமிடம், சட்டைக் கழுத்தெல்லாம் வியர்த்து வழிய.

ஜோவிதா அவரைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. அவரைப் பருப்பு தூவிய பீட்சாவிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். நின்ற இடத்திலேயே சாப்பிட்டார். அடியைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தைப் பிட்டு உள்ளே பார்த்தார்.

"இதை இந்த ட்ரம்ல எப்படிப் போட்டீங்க?"

"போட்டேன். பாத்தீங்கல்ல?"

"ஜோவிதா, நடந்தது நடந்துபோச்சு. திரும்பி வாங்க. மாவு செக்ஷனுக்கே உங்களை இன்சார்ஜ் ஆக்கறேன். உங்களுக்குக் கீழ மூணு பேரு."

"அடுப்பு?"

அவர் பூங்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "பாக்கலாம். கொஞ்ச நாள் போகட்டும். நான் மட்டும் முடிவு பண்றது இல்லியே, ஓனர் இருக்கார்..."

"பதினோரு வருஷம் போயிடுச்சு செஃப். இன்னும் எத்தனை கொஞ்ச நாள்?"

"நான் உங்களுக்கு எதிரி இல்ல."

"அது தெரியும். எனக்காக ஒரு வார்த்தை பேசினவரும் இல்ல. உங்க ஓனர்கிட்ட சொல்லுங்க, ஜோவிதாவைக் கூப்பிட்டேன், அடுப்பு இல்லாம வரமாட்டேன்னுட்டான்னு."

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ரகுராம் குரலைத் தாழ்த்தினார்.

"சரி. தண்ணி அளவாவது சொல்லுங்க. நீங்க போனதிலேருந்து அந்த மாவு வரவே மாட்டேங்குது."

"பதினோரு வருஷம் உங்க கண்ணு முன்னாடிதானே பிசைஞ்சேன். பாக்கலியா?"

அவர் முகம் சிவந்தது. பதிலுக்குக் கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தாலாவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பூங்கொத்தை மேஜைமேல் வைத்து, ஆம்ப்ரோஸிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தபடி போனார். எனக்குக் கொஞ்சம் பாவமாகவே இருந்தது. ஜோவிதாவிடம் அப்புறம் அதைச் சொன்னேன். "எனக்கும்தான் டீச்சர். அதுக்காகத் திரும்பிப் போக முடியுமா?" என்றாள்.

பியாட்ரிஸ் அன்று மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எல்லோரும் போனபிறகு ட்ரம்மிலிருந்து சாம்பல் வாரிக்கொண்டிருந்த ஜோவிதாவிடம் வந்து, "அந்தாளு முகத்துக்கு நேராவே சொல்லிட்டியே" என்றார். பிறகு, "எனக்கு ஒண்ணு வீட்டுக்கு எடுத்து வெச்சியா?" என்றார். ஜோவிதா எடுத்து வைத்திருந்தாள்.

அதோடு எல்லாம் சுபமாகிவிடவில்லை. ஏப்ரல்வரை அவள் ஐந்து இடத்துக்கு வேலை கேட்டுப் போனாள். இரண்டு இடத்தில் அடுப்புக்கு ஆண்கள்தான் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஒரு இடத்தில் முதல் மாதம் மாவு பிசையுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். இன்னொரு இடத்தில் கூப்பிடுவதாகச் சொல்லிக் கூப்பிடவேயில்லை. அந்த மாதங்களில் அவளுக்குக் கோபம் வராத நாளில்லை. மோட்டார் சுவிட்சைப் போடுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

ஐந்தாவது பிரேசர் டவுனில் ஒரு பேக்கரி. புதிதாக பீட்சா அடுப்பு போட்டிருந்தார்கள். அனுபவம் என்ன என்று முதலாளி கேட்டார். "பதினோரு வருஷம் மாவுல, ஒம்பது மாசம் ட்ரம்முல" என்றாள் ஜோவிதா. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிங்க சார். சிரிச்சு முடிச்சுட்டு அடுப்பைப் பத்த வெக்கச் சொல்லுங்க" என்றாள். பற்ற வைத்தார்கள். நான்கு பீட்சா போட்டுக் காட்டினாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள்.

சேர்ந்து ஒரு மாதம் கழித்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அதில் அவள் பெயருக்குக் கீழே 'ஹெல்பர்' என்று அச்சடித்திருந்தது. அன்று சாயங்காலமே முதலாளி மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் அடுப்புல நிக்கறேன் சார், ஹெல்பர்னு போட்டிருக்கு. மாத்திக் குடுங்க" என்றாள். அட்டையில் என்ன இருக்கிறது, வேலை அதுதானே என்றார் அவர். அப்படியானால் அட்டையிலும் அந்த வேலையே இருக்கட்டும் என்றாள். இரண்டு வாரம் அட்டை இல்லாமலே வேலைக்குப் போனாள். வாசலில் காவலாளி தினமும் நிறுத்தினான், தினமும் நின்று பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். இரண்டாவது அட்டை வந்தது. 'பேக்கர்' என்று சரியாக இருந்தது. பெயர் 'ஜோதிகா' என்றிருந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாவது அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "நீங்க டீச்சர்தானே, எழுத்து எழுத்தா பாருங்க" என்றாள். பார்த்தேன். பிழை இல்லை.